தொண்ணூறு போதும்

முல்லா வீதியில் போய் கனீஸ் பாத்திமா வீடு எது என்று கேட்டால் இரண்டு பேராவது முழிப்பார்கள். காத்துக்கார பாத்திமா வீடு என்று கேளுங்கள், ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து வாசல்வரை கொண்டுவிட்டுப் போவார். நாற்பத்திரண்டு வயது, பி.காம். படிப்பு, ஒரு பழைய ஸ்கூட்டர், பதினேழு ஆக்சிஜன் மெஷின்கள், யாரையும் விட்டுவைக்காத ஒரு நாக்கு. இவ்வளவுதான் அவள் சொத்து. வீட்டில் மூச்சுக்குத் திணறுகிறவர்களுக்கு மெஷினை வாடகைக்குக் கொடுப்பது தொழில்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. கொரோனா இரண்டாவது அலையில் மாமனாருக்காகச் சென்னையிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார்கள். அவர் பிழைத்து எழுந்து மறுபடியும் டீக்கடைக்குப் போக ஆரம்பித்ததும் மெஷின் மூலையில் சும்மா கிடந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்டார், கொடுத்தாள். அது அங்கிருந்து திரும்பி வருவதற்குள் இன்னொருவர் கேட்டார். அவள் புருஷன் ஸாகிப் டி.வி. ரிப்பேர்க்காரர். மெஷினைப் பிரித்து மேய்வதில் கெட்டிக்காரர், ஆனால் நோயாளியைக் கண்டால் அவருக்கே மூச்சு வாங்கும். ஆகவே அவர் கடைக்குள் ஸ்க்ரூ டிரைவரோடு இருக்க, பாத்திமா மெஷினை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்கால்களால் இடுக்கிக்கொண்டு ஊர் முழுக்கப் போய் வந்தாள். நெஞ்சு நோய் டாக்டரம்மா ஒருவர் இவளுடைய சுறுசுறுப்பைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் வார்டுக்கு வரச்சொல்லி எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அதிலிருந்து பாத்திமா மெஷினை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆளைப் பார்த்ததில் அவள் கண்டது இதுதான்: மெஷினால் வரும் தொல்லையைவிட அன்பால் வரும் தொல்லை அதிகம். மெஷினின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும். கீழே இருக்கும் குமிழைத் திருகினால் குண்டு மேலே ஏறும், ஒன்றிலிருந்து ஐந்து லிட்டர் வரை. யாருக்கு எவ்வளவு என்பது டாக்டர் எழுதிக் கொடுத்தபடிதான். ஆனால் நம் ஜனங்களுக்கு அளவென்றால் ஆகாது. பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைத்த பிறகும் ஒரு கரண்டி போட்டால்தான் பரிமாறியதாகக் கணக்கு. சோற்றுக்கே அப்படி என்றால் மூச்சுக்குக் கேட்கவா வேண்டும்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், எண்பத்தோரு வயது, இவள் மெஷினை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டே தன் கையால் குமிழைத் திருகினார். துப்பாக்கி பிடித்த கை என்றுகூடப் பார்க்காமல் பாத்திமா அதன்மேல் பட்டென்று ஒன்று போட்டாள். அந்த வீட்டில் இன்றுவரை குண்டு அசையவில்லை.

எல்லார் கையிலும் அடிக்க முடியாதே. சாரம் பகுதியில் பலராமன் விஷயத்தில் அதுதான் நடந்தது.

பலராமனுக்கு அறுபத்தொன்பது வயது. பாகூர்ப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். நிலத்தைப் பார்த்துக்கொண்டே முப்பது வருஷம் ஒரு பஞ்சு மில்லிலும் வேலை செய்தார். மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்குக் குரல் என்றைக்கும் இறங்காது. அவர் வீட்டுக்குள் காப்பி கேட்டால் தெருமுனைக்காரன் தம்ளரை எடுப்பான். பஞ்சுத் தூசியும் நாற்பது வருஷத்துப் பீடியும் சேர்ந்து நுரையீரலை அரித்துவிட்டன. பீடியை விட்டு இரண்டு வருஷமாகிறது. மகள் நிர்மலாவின் வீட்டில்தான் இப்போது இருக்கிறார். நிர்மலாவுக்குக் காலாப்பட்டில் பல்கலைக்கழக ஆபீஸில் வேலை, மருமகன் இளஞ்செழியன் கணக்கு டியூஷன் எடுப்பவர், மனைவி ராஜாம்பாள் கணவரின் கட்டிலை விட்டு நகராதவர். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது ஒரு லிட்டர். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். பாத்திமா மெஷினை வைத்த அன்று அதை இரண்டு முறை படித்தும் காட்டினாள்.

"தெரியுதுக்கா. மெஷின்ல கை வைக்க மாட்டோம்" என்றாள் நிர்மலா.

பலராமன் கட்டிலிலிருந்து கத்தினார். "வைச்சா பாத்திமா கைய ஒடச்சிடும். எனக்கு அது புடிச்சிருக்கு."

இது நடந்து மூன்று வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு பாத்திமா காந்தி வீதி சந்தையில் ஒரு குக்கருக்காக வியாபாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவன் இறங்கி வந்துகொண்டிருந்த நல்ல நேரத்தில் போன் சத்தம் போட்டது. நிர்மலா அனுப்பியிருந்தாள். விரலில் கருவி மாட்டிய ஒரு போட்டோ, கருவியில் 99 என்ற எண். கீழே நாலு சிவப்பு இதயம். "அக்கா, அப்பாவுக்கு இன்னிக்கு 99. நேத்துலேந்து நல்லா தூங்கறாரு. மூஞ்சிகூட நல்லா கலரா ஆயிடுச்சி. எல்லாம் உங்க மெஷின் புண்ணியம்."

வேறு யாராக இருந்தாலும் இரண்டு இதயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குக்கரை வாங்கியிருப்பார்கள். பாத்திமா அதை மறுபடியும் படித்தாள். தொண்ணூற்றொன்பது. நல்ல தூக்கம். முகத்தில் கலர். வார்டில் டாக்டரம்மா இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஓடிவா என்று சொல்லியிருந்தார். குக்கரைக் கீழே வைத்துவிட்டு ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள். "யம்மா, நீ சொன்ன வெலைக்கே தர்றேன்" என்று வியாபாரி பின்னாலிருந்து கூப்பிட்டான். அவள் வாழ்நாளில் ஜெயித்த பேரத்தை விட்டுவிட்டு ஓடியது அது ஒன்றுதான்.

சாரத்தில் அந்த வீடு கல்யாண வீடுபோல இருந்தது. பலராமனின் தங்கை வீராயி பாகூரிலிருந்து ஒரு பை நிறைய கத்தரிக்காயோடு வந்திருந்தார். அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பு. இளஞ்செழியன் கூடத்துச் சுவரில் ஒரு கிராப் தாளை ஒட்டி மாமனாரின் எண்ணைத் தினமும் மூன்று வேளை புள்ளி வைத்துக் கோடு போட்டிருந்தார். கோடு நன்றாக மேலே போயிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அது போய்க்கொண்டிருந்தது, அமெரிக்காவிலிருக்கும் சித்தப்பா மகன்வரை கைதட்டியிருந்தார்கள்.

பாத்திமா யாரோடும் பேசாமல் உள்ளே போனாள். பலராமன் கண்ணை மூடிக்கிடந்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கையைத் தொட்டாள், சூடாகவும் வியர்வையாகவும் இருந்தது. மெஷினைக் குனிந்து பார்த்தாள். குண்டு நாலைத் தாண்டி நின்றது.

"பெரியப்பா" என்று தோளைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். "பெரியப்பா, நான் பாத்திமா. கண்ணத் தொறங்க."

கண் பாதி திறந்தது. "ம்" என்றார். தெருமுனைவரை கேட்கும் குரல் அது. இப்போது அந்த "ம்" பக்கத்தில் இருப்பவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ரெண்டு கையயும் நீட்டி, நில்லுன்னு காட்டற மாதிரி காட்டுங்க" என்றாள். அவர் கையைத் தூக்கினார். உள்ளங்கை நிற்காமல் மடங்கி மடங்கி விழுந்தது, வார்டில் டாக்டரம்மா காட்டிக் கொடுத்த அதே அறிகுறி. அதற்குள் மறுபடியும் தூங்கிப்போனார்.

"யாரு இத திருப்புனது?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில் எல்லா உண்மையும் வெளியே வந்துவிட்டது. நிர்மலா முந்தாநாள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா நாள் முழுக்கத் தெம்பாக இருக்கட்டும் என்று துளியூண்டு ஏற்றியிருந்தாள். வீராயி ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிவர மறந்துவிட்டதால், அண்ணனைப் பார்க்க வந்து ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று ஒரு திருகு. கொரோனா காலத்தில் தொண்ணூற்றிநாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தெருவே மனப்பாடம் செய்திருந்தது. ஆகவே தொண்ணூறைப் பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் கை தானாகக் குமிழுக்குப் போயிருக்கிறது. தான் மட்டும்தான் செய்தோம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ராஜாம்பாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"டாக்டர்தான் தொண்ணூத்திரண்டு வரைக்கும்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்களே?" என்றாள் பாத்திமா.

இளஞ்செழியன் தலையைச் சொறிந்தார். "அது பாஸ் மார்க்குன்னு நெனச்சேங்க்கா. பாஸ் மார்க்கோட நிறுத்தச் சொல்லி எந்த வாத்தியாராவது சொல்வாரா?"

அந்த நேரத்திலும் பாத்திமாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். டாக்டரம்மா போனை எடுத்தார். பாத்திமா பார்த்ததைச் சொன்னாள். மறுமுனையிலிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. மெஷினை ஒரேயடியாக நிறுத்திவிடாதே, அதுவும் ஆபத்து. பழையபடி ஒரு லிட்டருக்குக் கொண்டுவா, விரலிலிருந்து கருவியை எடுக்காதே, எண்பத்தெட்டுக்குக் கீழே போக விடாதே. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு உடனே கொண்டுவா, நான் வார்டில் இருக்கிறேன். நிர்மலா 108க்குப் போன் செய்தாள். பாத்திமா குமிழில் கை வைத்தாள்.

அப்போதுதான் ராஜாம்பாள் வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"கொறைக்காத."

"பெரியம்மா, கைய வுடுங்க."

"அந்த மனுசன் மூச்சுக்கு நாலு வருசமா தவிக்கிறாரு. இப்பத்தான் நிம்மதியா தூங்கறாரு. அதையும் புடுங்கறியே, நீ நல்லா இருப்பியா?"

"இது தூக்கம் இல்ல பெரியம்மா. உள்ள கெட்ட காத்து நெறஞ்சி மயக்கத்துக்குப் போயிக்கினு இருக்காரு. நாம மூச்சு வாங்கறத மட்டும்தான் பாக்கறோம். வெளிய போறது யாரு கண்ணுக்கும் தெரியறதில்ல. பஸ்ஸுல முன்னாடி ஆள ஏத்திக்கினே இருக்கீங்க, பின்னாடி ஒருத்தரும் எறங்கல. இவரு நுரையீரலுக்கு அதுதான் கஷ்டம். ஆக்சிஜன் அதிகமா போனா இன்னும் மோசமாவும்."

இளஞ்செழியன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மெஷின் வாடகைக்கு வுடறவங்க. டாக்டர் இல்லயே."

அது சுருக்கென்று தைத்தது. பொய்யும் இல்லை. குமிழைக் குறைக்கும்போது இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், காற்றைப் பிடுங்கிக் கொன்றவள் என்ற பேர் முல்லா வீதிக்கு அவள் திரும்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பேரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாத்திமா கையை உடைப்பாள், அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று கத்திய அந்தக் கிழவர் இவள் கண்முன்னால் போவதைத் தாங்க முடியாது. உண்மையிலேயே பயந்தாள். பயத்தோடே போனை ஸ்பீக்கரில் போட்டு ராஜாம்பாளிடம் நீட்டினாள்.

"டாக்டர்தான். நீங்களே கேளுங்க."

"அம்மா, பாத்திமா செய்யறதுதான் சரி. நேரம் ஆக்காதீங்க. அவங்களை விடுங்க" என்றது போன்.

ராஜாம்பாள் கையை எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாத்திமா குமிழைத் திருகினாள். குண்டு இறங்கியது. பிறகு எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அந்தச் சின்னக் கருவியையே பார்த்தார்கள். தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றேழாயிற்று. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றிநாலைத் தாண்டியதும் வீராயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தொண்ணூற்றிரண்டில் ஒப்பாரிக்கு முதல் இழுப்பு இழுத்தார். "அத்தை, சும்மா இருங்க" என்று நிர்மலா அதட்டினாள். தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. பாத்திமா வாய்க்குள் ஓதிக்கொண்டே ஒரு கையை அவர் தோளில் வைத்து, தூங்கிப்போகாதீங்க, தூங்கிப்போகாதீங்க என்று உலுக்கிக்கொண்டே இருந்தாள். எண் தொண்ணூறிலேயே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியில் வந்தவர் அதிலிருந்த சிலிண்டரின் பெரிய குமிழைத் திருகப் போனபோது பாத்திமா டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு அளவைக் குறைத்தார். அடுப்பில் மீன் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை தெருவரை வந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு முகமூடியைப் போட்டு, கெட்ட காற்று வெளியே போகும்படி இன்னொரு மெஷினால் தள்ளினார்கள். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா இளஞ்செழியனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கணக்கு வாத்தியார் வராந்தாவில் வந்து உட்கார்ந்து, பாத்திமாவின் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். "எதுக்கு? டாக்டர் இல்லன்னு சொன்னதுக்கா? அது நெசந்தான" என்று சொல்லிவிட்டு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பலராமன் கண்ணைத் திறந்தார். முகமூடியைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். நர்ஸ் அதைக் கொஞ்சம் கழற்றியதும் அவர் முதலில் சொன்னது வார்டின் அந்தக் கோடிவரை கேட்டது.

"எவன்டா எனக்கு இந்தக் கொரங்கு மூஞ்சிய மாட்டி வுட்டது?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூக்கிப்போட்டு எழுந்தார். நர்ஸ் சத்தம் போடாதீங்க ஐயா என்றாள். வராந்தாவில் இருந்த பாத்திமாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷினைச் சரிபார்த்து வைக்க பாத்திமா போனாள். கிராப் தாளில் இளஞ்செழியன் எண்பத்தெட்டிலும் தொண்ணூற்றிரண்டிலும் இரண்டு சிவப்புக் கோடு போட்டு, அதற்கு மேலே உள்ள இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துக் கறுப்பாக்கியிருந்தார். நிர்மலா வாட்ஸ்அப் குழுவில், அப்பா தொண்ணூறு எடுத்தால்தான் கைதட்ட வேண்டும், அதற்கு மேல் எடுத்தால் எனக்குப் போன் பண்ண வேண்டும் என்று எழுதிவிட்டாளாம். வீராயியிடம் பேசும்போதும் வெறும் ஹார்லிக்ஸ் மட்டும் வாங்கி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

மற்றவர்கள் வேலையாகப் போன பிறகு ராஜாம்பாள் பாத்திமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பலராமன் பாத்ரூமுக்குப் போயிருந்தார்.

"ரொம்ப திருப்புனது நான்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவங்க எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ரெண்டுலேந்து நாலுக்கு நான்தான் ஏத்துனேன்."

பாத்திமா கையிலிருந்த மெஷின் குழாயைக் கீழே வைத்தாள்.

"நாப்பத்திநாலு வருசத்துல என்கிட்ட அவரு ஒண்ணு வேணும்னு கேட்டதில்லம்மா. சோறு போடுன்னுகூட கேக்க மாட்டாரு, வந்து ஒக்காருவாரு, நான் போடுவேன். அன்னிக்கு என் கையப் புடிச்சிக்கினு, ராஜம், கொஞ்சம் காத்து குடுன்னாரு. நான் எப்பிடி குடுக்காம இருக்கறது?" குரல் உடைந்தது. "இன்னும் கேப்பாரு. அப்ப நான் என்ன பண்றது, சொல்லு."

பாத்திமா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எல்லாரையும் நாலு வார்த்தை கேட்கும் நாக்குக்கு அன்று வேலையில்லை. "கேட்டா குடுங்க பெரியம்மா. மெஷின்லேந்து குடுக்காதீங்க" என்று சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று காட்டினாள். உட்காரவைத்து, மடியில் தலையணை வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக் குனியச் சொல்ல வேண்டும். உதட்டைக் குவித்து, விளக்கை ஊதுவது மாதிரி மெதுவாக வெளியே ஊதச் சொல்ல வேண்டும். முகத்தில் படுகிற மாதிரி விசிற வேண்டும். முகத்தில் காற்றுப் பட்டாலே திணறல் பாதி அடங்கும், டாக்டரம்மா வார்டில் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வார். அப்படியும் அடங்காவிட்டால், தூங்கித் தூங்கி விழுந்தால், போன்.

பாத்ரூம் கதவு திறந்தது. எட்டு அடி தூரம் நடந்து வருவதற்குள் பலராமனுக்கு மூச்சு முட்டிவிட்டது. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். தோள் ஏறி இறங்கியது. மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ராஜம். காத்து."

ராஜாம்பாளின் மற்றொரு கை மெஷினை நோக்கிப் போனது. குமிழைத் தொடும் தூரத்தில் நின்றது. பாத்திமா எழுந்திருக்கவில்லை. அவர் விரலில் மாட்டியிருந்த கருவி எண்பத்தொன்பது காட்டியது. ராஜாம்பாள் கையை இழுத்துக்கொண்டார். தலையணையை எடுத்து அவர் மடியில் வைத்தார், முழங்கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். ஆணியிலிருந்து மாதக் காலண்டரைப் பிடுங்கி, அவர் முகத்துக்கு நேரே வீச ஆரம்பித்தார். வெளக்க ஊதுங்க, வெளக்க ஊதுங்க என்று சொல்லிக்கொண்டே வீசினார். அழுதுகொண்டே வீசினார்.

மூன்று நிமிஷமாயிற்று, நாலு நிமிஷமாயிற்று. தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கருவி தொண்ணூறு காட்டியது. பலராமன் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"போதும்டி. பறந்துடப் போறேன்."

ராஜாம்பாள் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக வீசினார். இதில் அளவு மீறினால் ஒன்றும் ஆகிவிடாது என்று பாத்திமாவும் சும்மா விட்டுவிட்டாள்.